பாப் பாடகர் கண்ட்ரிக்கு மாற: பாட்டிலிருந்து வானொலி வரை

பாப் பாடகர் ஒருவர், அமெரிக்கத் தெற்கின் கிராமப்புறப் பாட்டு மரபான கண்ட்ரி இசைக்கு மாறுகிறார் என்றதும் பேச்சு தொப்பிக்கும் பான்ஜோ என்ற கம்பி வாத்தியத்துக்கும் போய்விடும். இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கண்ட்ரி ரசிகர் முதலில் வரிகளைக் கேட்கிறார், அடுத்து குரலை. வாத்தியம் மூன்றாவதுதான். வேலையையும் அதே வரிசையில் செய்ய வேண்டும். வாத்தியத்தில் ஆரம்பித்தால், பாப் பாட்டின் மேல் ஸ்டீல் கிட்டார் தூவிய ஒன்றுதான் கையில் மிஞ்சும். அதைப் பாப் ரசிகரும் கேட்கமாட்டார், கண்ட்ரி ரசிகரும் கேட்கமாட்டார்.

கீழே உள்ளவை அமெரிக்காவின் நாஷ்வில் நகர நடைமுறையை ஒட்டியவை. பாட்டு எழுதுவோர், வாசிப்போர், பாட்டின் உரிமையைக் கவனிக்கும் பதிப்பு நிறுவனங்கள், கண்ட்ரி வானொலியைக் கையாள்பவர்கள் என எல்லோரும் அந்த ஊரின் சில தெருக்களுக்குள் இருக்கிறார்கள். மியூசிக் ரோ என்று சொல்வது 16, 17-வது அவென்யூ தெற்கையும் அக்கம்பக்கத்தையும்தான்.

விருந்தாளியா, குடியேறியா?

கண்ட்ரியில் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போவதா, அங்கேயே தங்குவதா? முதல் முடிவு இது. இதை எடுக்காமல் ஸ்டுடியோவுக்குப் போகாதீர்கள்.

சோல் இசைப் பாடகர் ரே சார்ல்ஸ் 1962-இல் விருந்தாளியாக வந்தார். கண்ட்ரி பாடல்களை எடுத்து, தன் குரல் மாறாமல், பெரிய இசைக்குழுவையும் வயலின் கூட்டத்தையும் வைத்து நியூயார்க்கிலும் ஹாலிவுட்டிலும் பதிவு செய்தார். நாஷ்வில் பக்கமே போகவில்லை. அந்தத் தொகுப்பு பாப் சந்தையில் விற்றுத் தீர்ந்தது, அவரும் தன் பாதையில் தொடர்ந்தார்.

டேரியஸ் ரக்கர் குடியேறினார். 90-களில் ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் என்ற ராக் குழுவின் முன்னணிக் குரலாக இருந்தவர் அவர். 2008-இல் கேபிடல் இசை நிறுவனத்தின் நாஷ்வில் கிளையில் சேர்ந்தார், ஃபிராங்க் ராஜர்ஸைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டார், உள்ளூர் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து எழுதினார், வானொலி நிலையங்களை ஏறி இறங்கினார். முதல் சிங்கிளே (தனியாக வெளியிடும் பாட்டு) கண்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1983-இல் சார்லி பிரைடுக்குப் பிறகு தனியாகப் பாடி அந்த இடத்தைத் தொட்ட முதல் கறுப்பினப் பாடகர் அவர்தான். 2009-இல் கண்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் புதுமுக விருது. 2012-இல் நாஷ்வில்லின் பழம்பெரும் வானொலி மேடை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியில் உறுப்பினர்.

மூன்றாவது, கூட்டுப் பாட்டு. பாப் பாடகி பெபே ரெக்ஸா 2017-இல் ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் என்ற கண்ட்ரி இரட்டையருடன் பாடிய ஒரே பாட்டு, பில்போர்டு இதழின் ஹாட் கண்ட்ரி சாங்ஸ் பட்டியலில் 50 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்காக அவர் பாப்பை விட்டுவிடவில்லை. நான்காவது, 2024-இல் பியான்சே செய்தது: தன் விதிகளோடு வருவது, வானொலி ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் சரி என்று இருப்பது. அதற்கு அவர் அளவுக்கு ரசிகர் படை வேண்டும். மற்றவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

இந்த முடிவு எதை மாற்றும்? செலவையும் ஒப்பந்தத்தையும். விருந்தாளிக்குக் கண்ட்ரி வானொலியைக் கவனிக்கும் விளம்பரக் குழு தேவையில்லை. குடியேறுபவருக்கு அது இல்லாமல் நடக்காது. உங்கள் பாப் நிறுவனத்துக்கு நாஷ்வில்லில் கிளை இருக்கிறதா, இல்லையென்றால் அங்குள்ள வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட ஒத்துக்கொள்வார்களா என்பதைப் பதிவுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். தொகுப்பு தயாரான பிறகு கேட்டால், வானொலிக்கு யார் பாட்டைக் கொண்டுபோவது என்று இரண்டு அலுவலகங்களும் மாறி மாறிக் கை காட்டும்.

பாட்டு

பாப்பில் பெரும்பாலும் பீட் முதலில் தயாராகும், அதன் மேல் மெட்டு, அதன் மேல் வார்த்தை. இங்கே தலைப்பு முதலில். ஒரு சொற்றொடர் கிடைத்தால், அது பல்லவியின் கடைசி வரியில் வந்து உட்காரும்படி மற்ற எல்லாவற்றையும் கட்டுகிறார்கள். பல்லவியின் தொடக்கத்திலேயே தலைப்பைக் கூவிவிடும் பாப் பழக்கத்தை விட வேண்டும். கேட்பவர் அந்த வரிக்காகக் காத்திருக்க வேண்டும்.

அந்த வரி ஒவ்வொரு முறை வரும்போதும் அர்த்தம் கொஞ்சம் நகர வேண்டும். உதாரணத்துக்கு, “சாவி உன்னிடமே இருக்கட்டும்” என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் சரணத்தில் பதினாறு வயது மகளுக்கு அப்பா பழைய வண்டியின் சாவியைக் கொடுக்கிறார். இரண்டாவதில் அவள் கணவனைப் பிரிகிறாள். வாசலில் நின்று வீட்டுச் சாவியைப் பற்றி அதே வரியைச் சொல்கிறாள். கடைசிப் பகுதியில் அப்பாவுக்கு இனி வண்டி ஓட்ட முடியாது. சாவியை மேசையில் வைக்கிறார். மகள் அதே வரியை அவரிடம் சொல்கிறாள். பல்லவியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் மூன்று முறையும் வேறு பாட்டு. இந்தக் கட்டுமானம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உணர்ச்சியின் பெயரைச் சொல்லாதீர்கள், பொருளைக் காட்டுங்கள். “நீ இல்லாமல் தவிக்கிறேன்” பாப்பில் போதும். இங்கே அவள் விட்டுப்போன காப்பிக் குவளையில் எந்த வங்கியின் பெயர் அச்சாகியிருந்தது என்பது வரை வேண்டும். ஆனால் அந்தப் பொருட்களைக் கடையில் வாங்க முடியாது. பிக்கப் டிரக், பீர், மண் சாலை, ஆற்றங்கரை, ஜீன்ஸ் போட்ட பெண் என்று 2010-களில் ஆண் பாடகர்கள் தேய்த்து முடித்த பட்டியல் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வருபவர் அதை எடுத்துப் பாடினால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். உங்கள் ஊரை எடுங்கள். ரக்கர் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன்காரர், பியான்சே ஹூஸ்டன், ராப்பிலிருந்து வந்த போஸ்ட் மலோன் வளர்ந்தது டல்லாஸ் பக்கத்தில். தெற்கத்தி ஊர்தான் வேண்டும் என்றும் இல்லை. கண்ட்ரி நட்சத்திரங்களில் ஷானியா ட்வைன் கனடாவின் டிமின்ஸ் நகரத்தில் வளர்ந்தவர், கீத் அர்பன் ஆஸ்திரேலியாவில். நியூ ஜெர்சிக்காரரான ராக் பாடகர் பான் ஜோவி, கண்ட்ரி பாடகி ஜெனிஃபர் நெட்டில்ஸுடன் சேர்ந்து ஊர் திரும்புவதைப் பற்றிப் பாடி, 2006-இல் கண்ட்ரி முதலிடம் பிடித்தார். சொந்த ஊர் என்று ஒன்று பாட்டில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நீளம் 3 முதல் 3½ நிமிடம். தொடக்க இசை 4 அல்லது 8 ‘பார்’ (ஒரு தாளச் சுற்று ஒரு பார்). முதல் பல்லவி 50 வினாடிக்குள் வந்துவிடட்டும்.

கூட்டாக எழுதும் அமர்வு காலை 10, 11 மணிவாக்கில் தொடங்கும். இரண்டு அல்லது மூன்று பேர், இரண்டு கிட்டார். மாலைக்குள் ஒரு பாட்டு. அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் சம பங்கு என்பது அங்கே எழுதப்படாத சட்டம். ஒருவர் இருபது வரி கொடுத்து இன்னொருவர் ஒரே வரி கொடுத்திருந்தாலும் சரி. பாப் உலகத்தில் சதவீதம் பேசிப் பழகியவர், பாட்டு முடிந்த பிறகு “என் பங்கு அதிகம்” என்று ஆரம்பித்தால் அடுத்த முறை அவருக்கு நேரம் கிடைக்காது. பீட் போடும் உங்கள் பழைய தயாரிப்பாளரையும் அழைத்துப்போவதாக இருந்தால், அவரும் ஒரு பங்காளி என்பதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். கணக்கு எளிது: அமெரிக்காவில் 2025-இல் 5 நிமிடத்துக்கு உட்பட்ட பாட்டின் ஒரு பிரதிக்கு 12.7 சென்ட் சட்டப்படியான உரிமைத்தொகை. மூன்று பேர் என்றால் தலைக்குச் சுமார் 4.2 சென்ட், அதிலிருந்தே பதிப்பாளர் பங்கும் போகும். நான்காவது ஆள் வந்தால் 3.2 ஆகிறது.

நீங்களே எழுதித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றவர் எழுதிய பாட்டைப் பாடுவது அங்கே குறைவாகப் பார்க்கப்படுவதில்லை. பதிப்பு நிறுவனங்களிடம் நல்ல பாட்டு கேளுங்கள், பிடித்ததை ‘ஹோல்டு’ செய்யுங்கள், அதாவது நீங்கள் முடிவு சொல்லும்வரை வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் வாய் வார்த்தைதான். பத்துப் பாட்டு வேண்டிய இடத்தில் நாற்பதைப் பிடித்து மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் எழுத்தாளர்களின் பிழைப்பு நிற்கும். உங்கள் பெயரும் கெடும்.

ப்ளூபேர்ட் கஃபே என்று ஓர் இடம், 1982-இல் தொடங்கியது, சுமார் 90 இருக்கை. எழுத்தாளர்கள் நடுவில் வட்டமாக உட்கார்ந்து, தாங்கள் எழுதிப் பிறர் பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளைத் தாங்களே பாடுவார்கள். பேசினால் அடக்கிவிடுவார்கள். எழுத ஆரம்பிக்கும் முன் சில மாலைகள் அங்கே போய் உட்காருங்கள். எந்த வரிக்குக் கூட்டம் மூச்சுவிடுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

பாட்டு தயாரானதும் சோதனை: ஒரு கிட்டார், உங்கள் குரல், போன் ரெக்கார்டர். அதில் நிற்காத பாட்டை எந்த ஸ்டுடியோவும் நிறுத்தாது. பீட் சேர்ந்தால் சரியாகும் என்று தோன்றினால் அது பாப் பாட்டு. அதைப் பாப் தொகுப்புக்கே எடுத்து வையுங்கள்.

குரல்

சுருதியிலிருந்து தொடங்குங்கள். பாப்பில் சரணத்தைக் கீழே முணுமுணுத்து, பல்லவியை உச்சத்துக்குத் தூக்குவது வழக்கம். கண்ட்ரியில் சரணம்தான் கதை. அது நீங்கள் பேசும் உயரத்தில் விழ வேண்டும். வழக்கமான சுருதியிலிருந்து ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கிப் பாடிப் பாருங்கள். சரணத்தை மெட்டில்லாமல் யாரிடமாவது சொல்வதுபோல் வாசியுங்கள். பாடும்போதும் அழுத்தங்கள் அதே சொற்களில் விழுந்தால் சுருதியும் மெட்டும் சரி.

அடுத்து பிருகா. ஆர்&பி வழியில் வந்தவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. ஒரு அசையில் ஏழு எட்டு ஸ்வரம் ஓட்டும் பழக்கம், சொல்லைக் கேட்க விடாமல் செய்துவிடுகிறது. வரிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதுவும் வரியின் கடைசியில். கண்ட்ரிக்கென்று வேறு அலங்காரங்கள் இருக்கின்றன. ஸ்வரத்துக்குக் கீழிருந்து சறுக்கி ஏறுவது ஒன்று. நெஞ்சுக் குரலிலிருந்து தலைக் குரலுக்குச் சட்டென்று உடைவது இன்னொன்று. குரலை மாற்றி மாற்றி உடைத்துப் பாடும் யோடலிங் மரபிலிருந்து வந்தது இது. உடைவை ஒளித்து வழவழப்பாக்கத்தான் பாப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறது. இங்கே அதை வெளியே விட வேண்டும். பாட்டுக்கு இரண்டு மூன்று இடத்தில், மனம் உடையும் சொல்லில் மட்டும். எல்லா வரியிலும் உடைத்தால் கேலியாகிவிடும்.

தெற்கத்தி உச்சரிப்பை நடிக்காதீர்கள். ‘ட்வாங்’ என்று சொல்லும் அந்தக் கூர்மை மூக்கில் பாடுவதால் வருவதல்ல. குரல்வளைக்கு சற்று மேலே உள்ள குழாய் குறுகுவதால் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதி தூக்கலாகிறது. வாத்து கத்துவதுபோல் ஒலி எழுப்பிப் பழகினால் எந்தத் தசை என்று பிடிபடும். உச்சரிப்பைத் தொடாமலே அந்தக் கூர்மையைக் கொண்டுவரலாம்.

இணைக் குரல்கள்: ஒரே ஆளின் குரலைப் பத்துத் தடமாக அடுக்கும் பாப் பாணியை ஓரமாக வையுங்கள். பிரதான குரலுக்கு மூன்றாம் ஸ்வரம் மேலே ஒரு குரல், தேவைப்பட்டால் கீழே இன்னொன்று. வேறொரு பாடகரை வைத்துச் செய்யுங்கள். சொல் முடியும் மெய்யெழுத்து இரண்டு குரலிலும் ஒரே நொடியில் மூடவில்லையென்றால் மொத்தமும் கலங்கலாகக் கேட்கும். இணைக் குரல் பதிவின் பாதி நேரம் இதற்கே போகும்.

சுருதி திருத்தும் மென்பொருளை நாஷ்வில்லும் தாராளமாகப் பயன்படுத்துகிறது. வேறுபாடு அளவில்தான். தானியங்கி முறையில் வேகமாக இழுக்கும்படி வைத்தால், கீழிருந்து ஏறும் சறுக்கல்கள் படிக்கட்டாக உடைந்துவிடும். கையால் வரைபட முறையில், காதை உறுத்தும் ஸ்வரத்தை மட்டும் திருத்துங்கள்.

வாத்தியங்கள்

வழக்கமான குழு: டிரம்ஸ், பாஸ், அக்கூஸ்டிக் கிட்டார், எலெக்ட்ரிக் கிட்டார், பியானோ அல்லது ஹாமண்ட் ஆர்கன், பெடல் ஸ்டீல், ஃபிடில் (வயலின்தான்). இதோடு மேண்டலின், பான்ஜோ, டோப்ரோ மூன்றையும் மாற்றி மாற்றி வாசிக்கும் ஒருவர். அவரை ‘யூட்டிலிட்டி’ ஆள் என்பார்கள்.

பெடல் ஸ்டீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாப் தயாரிப்பாளர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். படுக்கவைத்து, உலோகத் துண்டால் சறுக்கி வாசிக்கும் கிட்டார் இது. பத்துக் கம்பி, ஈ9 சுருதி, மூன்று பெடல், நான்கு அல்லது ஐந்து முழங்கால் நெம்புகோல். முதல் பெடலை மிதித்தால் பி கம்பிகள் சி ஷார்ப்புக்கு ஏறும். இரண்டாவது பெடல் ஜி ஷார்ப்பை ஏ-க்கு ஏற்றும். மற்ற கம்பிகள் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் நகர்வதால்தான் அந்த அழுகை பிறக்கிறது. கீபோர்டில் சாம்பிள் வைத்து பிட்ச் வீலைத் திருப்பினால் எல்லா ஸ்வரமும் சேர்ந்து நகரும்; ஹவாய் படக் காட்சிபோல் ஒலிக்கும். ஆளை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. ஸ்டீல் வாசிப்பவர்கள் மேஜர் கோர்டின் மூன்றாம் ஸ்வரத்தைக் கீபோர்டின் சமச் சுருதியைவிடச் சற்றே இறக்கி வைப்பார்கள். காந்தாரத்தைக் காதால் வைப்பவர்களுக்கு இது புரியும். பின்னால் சின்த் பேட் (சின்தசைசரின் நீண்ட பின்னணி ஒலி) அதே மூன்றாம் ஸ்வரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் உரசும். “ஸ்டீல் சுருதி சேரவில்லை” என்று அவரைத் திட்டுவதற்கு முன் பேடை அணைத்துப் பாருங்கள். பேட் வேண்டும் என்றால் அதில் மூன்றாம் ஸ்வரத்தை எடுத்துவிட்டு முதலையும் ஐந்தையும் மட்டும் வையுங்கள்.

எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் டெலிகாஸ்டர் என்ற மாடல்தான். கம்ப்ரஸர், 100 முதல் 130 மில்லிசெகண்டில் ஒற்றை எதிரொலி. பிக்கையும் நடுவிரலையும் சேர்த்துக் கிள்ளும் வாசிப்பு. ஸ்டீல் ஆளை அமர்த்த முடியாவிட்டால் பி-பெண்டர் பொருத்திய டெலிகாஸ்டர் ஓரளவு கைகொடுக்கும். தோள் வாரை இழுத்தால் பி கம்பி ஒரு முழு ஸ்வரம் ஏறும் அமைப்பு அது. கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கியது.

அக்கூஸ்டிக் கிட்டாரில் ஒரு மலிவான தந்திரம்: இரண்டாவது கிட்டாரில் கீழ்ச் சுருதியின் தடித்த நான்கு கம்பிகளை மெல்லியவையாக மாற்றி ஒரு ஸ்தாயி மேலே வைப்பது. நாஷ்வில் ட்யூனிங் என்றே பெயர். முதல் (மெல்லிய) கம்பியிலிருந்து வரிசையாக 0.010, 0.014, 0.009, 0.012, 0.018, 0.027 அங்குலம். 12 கம்பி கிட்டார் செட் வாங்கினால் அதிலேயே இந்தக் கம்பிகள் கிடைக்கும். வழக்கமான கிட்டார் ஒரு பக்கம், இது மறுபக்கம் வைத்தால் பாஸோடு மோதாமல் மினுமினுப்பு வரும். சின்த்தை எடுத்த இடத்தில் தோன்றும் வெறுமை நிரம்பிவிடும்.

கிட்டாரும் பான்ஜோவும் திறந்த கம்பிகளில்தான் முழங்கும். உங்கள் பாட்டு ஈ ஃப்ளாட்டில் இருந்தால் கேபோ (கம்பிகளை அழுத்தும் கவ்வி) போட்டு டி வடிவத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். கேபோ இல்லாமல், ஒரே விரலால் கம்பிகளை அழுத்தும் ‘பார்’ கோர்டு பிடித்தால் ஒலி செத்துவிடும்.

மேண்டலின் 2, 4 தட்டுகளில் ‘சாப்’ என்று வெட்டி வாசிப்பது, டிரம்ஸ் இல்லாத புளூகிராஸ் என்ற கண்ட்ரிக் கிளையில் ஸ்னேர் டிரம்முக்குப் பதிலாகச் செய்யும் வேலை. உங்கள் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துணுக்கு) ஏற்கெனவே அந்த இடத்தில் கைதட்டல் இருந்தால் ஏதாவது ஒன்றை எடுங்கள். டிரம் மெஷினின் ஆழ்ந்த 808 பாஸை முழுதாகத் துறக்க வேண்டியதில்லை. இன்றைய நாஷ்வில் பதிவுகளிலும் நிஜ டிரம்ஸுக்கு அடியில் லூப் ஓடுகிறது. லூப்பைக் கேட்க முடிந்தால் அதிகம், அணைத்தால் குறை தெரிந்தால் சரி.

குரல் வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை யார் நிரப்புவது என்பதைப் பிரித்துக் கொடுங்கள். முதல் சரணத்தில் யாரும் வேண்டாம். இரண்டாவதில் ஸ்டீல், நடு இசை எலெக்ட்ரிக் கிட்டாருக்கு, கடைசிப் பல்லவி ஃபிடிலுக்கு. மூவரையும் எல்லா இடத்திலும் விட்டால் சந்தைக்கடைதான்.

எண் முறையும் மூன்று மணி நேரமும்

நாஷ்வில்லில் கோர்டுகளை எழுத்தால் குறிக்கமாட்டார்கள், எண்ணால் குறிப்பார்கள். ஜார்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் 1950-களின் இறுதியில் தொடங்கியது. சார்லி மெக்காய் மற்ற வாசிப்பாளர்களிடம் பரப்பினார். ஜி சுருதியில் ஜி 1, சி 4, டி 5, ஈ மைனர் 6-. நம் ஸரிகம போலவே சுருதி எங்கே போனாலும் பெயர் மாறாது. பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அரைக் கட்டை இறக்கலாம் என்றால் தாளைத் தொடாமலே இறக்கிவிடுவார்கள்.

ஒரு எண் என்றால் ஒரு பார். இரண்டு எண்ணுக்கு அடியில் கோடு இருந்தால் பாரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எண்ணைச் சுற்றி வைரக் கட்டம் இருந்தால் ஒரே தட்டு தட்டி ஒலிக்கவிட வேண்டும். எண்ணின் பக்கத்தில் சிறு கோடு மைனர். மேலே > அல்லது < குறி இருந்தால் அரைத் தட்டு முன்னதாக வர வேண்டும். பல்லவி ஒன்று இப்படி இருக்கும்:

1 1 4 1
6- 4 5 5
1 1 4 1
4 5 1 1

நீங்கள் இதில் புலமை பெற வேண்டியதில்லை. “இரண்டாவது வரியின் 4-ஐ 2-ஆக மாற்றலாமா” என்று பேசும் அளவுக்குத் தெரிந்தால் மரியாதை கூடும்.

இசைக் கலைஞர் சங்க விதிப்படி அமர்வு மூன்று மணி நேரம். வழக்கமான நேரம் காலை 10 முதல் 1, மதியம் 2 முதல் 5, மாலை 6 முதல் 9. டெமோ என்றால் ஓர் அமர்வில் ஐந்து பாட்டுகூட முடிப்பார்கள். வெளியீட்டுக்கான பதிவு என்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் பதிந்த பாட்டை எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள், தாள் கையிலிருக்கும், பத்து நிமிடப் பேச்சு, ஒரு ஒத்திகை, இரண்டு மூன்று முறை பதிவு, பிறகு மேல் பூச்சாகக் கூடுதல் வாத்தியங்கள். குழுத் தலைவருக்கு இரட்டைச் சம்பளம். ஏற்பாடு பற்றிய பேச்சு அவர் வழியாகவே போகட்டும்.

அமர்வுக்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும். பாப் பாடகர்கள் பலர் “டிராக் வந்ததும் பாடிக்கொள்கிறேன்” என்பார்கள். நீங்கள் தனி அறையில் நின்று கூடவே பாடினால்தான் டிரம்மர் உங்கள் மூச்சைப் பார்த்து வாசிப்பார். அந்தக் குரல் இறுதிப் பதிவில் இல்லாமல் போகலாம். ஆனால் அது இருந்த வாசிப்பு வேறு.

இன்னொரு தவறு, முழுதாகத் தயாரித்த பாப் டிராக்கை அனுப்பி “இதையே நிஜ வாத்தியத்தில் வாசியுங்கள்” என்பது. அவர்களைக் கூலிக்கு வைத்து அவர்களின் காதை வெளியே விட்டுவிட்டதாக ஆகும். டெம்போ, சுருதி, கிட்டாரும் குரலும்: இவ்வளவு அனுப்பினால் போதும். இதன் மறுபக்கமும் உண்டு. முன்னணி வாசிப்பாளர்கள் சிலரே பெரும்பாலான பதிவுகளில் வாசிப்பதால், எல்லாத் தொகுப்பும் ஒரே வீட்டுச் சாம்பார்போல் இருக்கும் அபாயம். ஒருவரையாவது வெளியிலிருந்து கூட்டி வாருங்கள். பியான்சே தன் பாட்டுக்கு ரியானன் கிடன்ஸைப் பான்ஜோ வாசிக்க அழைத்தார். தேவாலய ஸ்டீல் மரபிலிருந்து வந்த ராபர்ட் ராண்டால்ஃபையும் சேர்த்துக்கொண்டார். கேட்டால் தெரியும்.

மிக்ஸில் சொல்ல அதிகம் இல்லை. குரல் முன்னால், எதிரொலி குறைவாக. அடிபாஸைக் குறைத்து அக்கூஸ்டிக் கிட்டாரின் ஓசை தெளிவாக. கார் ஸ்பீக்கரில் கேட்டு, ஒரு சொல்கூடத் தவறாமல் புரிகிறதா என்று பாருங்கள்.

வானொலியும் பட்டியலும்

பில்போர்டில் இரண்டு கண்ட்ரிப் பட்டியல்கள் உள்ளன. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் தவறான இடத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஹாட் கண்ட்ரி சாங்ஸில் 2012 அக்டோபரிலிருந்து ஸ்ட்ரீமிங், விற்பனை, எல்லா வகை வானொலிகளின் ஒலிபரப்பும் சேர்கின்றன. கண்ட்ரி ஏர்ப்ளேயில் கண்ட்ரி நிலையங்கள் மட்டும். பாப் நட்சத்திரத்துக்கு முதலாவது எளிது: பாப் நிலையங்களில் ஓடுவதும் கணக்கில் வரும். ரெக்ஸாவின் 50 வாரத்துக்கு அது ஒரு பெரிய காரணம். பியான்சே 2024 பிப்ரவரியில் அதில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் ஆனார். அதே பாட்டு ஏர்ப்ளேயில் முதல் 30-க்குள்கூட நுழையவில்லை. அதே ஆண்டு போஸ்ட் மலோன், மார்கன் வாலனுடன் பாடியது இரண்டிலும் முதலிடம். வாலன் ஏற்கெனவே அந்த வானொலிகளின் வீட்டுப்பிள்ளை. கூட்டுப் பாடகரைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்ட்ரீமிங் எண்ணை விட ஏர்ப்ளே வரலாற்றைப் பாருங்கள்.

விநியோகத்தின்போது வகை என்ற இடத்தில் என்ன போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் 2019-இல் தன் பாட்டைக் கண்ட்ரி என்று குறித்தார், பட்டியலில் நுழைந்தார், மார்ச்சில் பில்போர்டு அதை நீக்கியது. இன்றைய கண்ட்ரியின் கூறுகள் போதவில்லை என்றது. அந்தச் சர்ச்சை அவருக்கு லாபமாகி, பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது. அப்படி எல்லோருக்கும் அமையாது. வகை, தயாரிப்பு, வெளியிடும் கிளை மூன்றும் ஒரே கதையைச் சொல்லட்டும்.

வானொலிப் பயணம் என்பது நிலையம் நிலையமாகப் போய், கூட்ட அறையில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் முன்னால் ஒரு கிட்டாரோடு இரண்டு மூன்று பாட்டுப் பாடுவது. அரங்கம் நிறைத்தவருக்கு இது கூச்சமாக இருக்கும். ரக்கர் முகம் சுளிக்காமல் இதைச் செய்தார்; அவர்கள் அதை மறக்கவில்லை. ஆண்டுதோறும் நாஷ்வில்லில் நடக்கும் கண்ட்ரி ரேடியோ செமினாரில் ஏராளமான பொறுப்பாளர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். பயணத்தை அதைச் சுற்றித் திட்டமிடுங்கள். பொறுமையும் வேண்டும். பாப் சிங்கிள் மூன்று மாதத்தில் எழுந்து விழும்; கண்ட்ரி ஏர்ப்ளேயில் 30, 40 வாரம் ஊர்ந்து ஏறுவது சாதாரணம். எட்டாவது வாரத்தில் பதறி அடுத்த பாட்டை விட்டால் இரண்டும் பாதியில் நிற்கும்.

பெண் பாடகருக்குப் பாதை இன்னும் குறுகல். பெண்களை அடுத்தடுத்து ஒலிபரப்பாதீர்கள், அவர்கள் சாலட்டில் தக்காளிபோல என்று ஒரு வானொலி ஆலோசகர் 2015-இல் அச்சிலேயே சொன்னார். ஊர் கொந்தளித்தது; ஆனால் பழக்கம் எளிதில் போகவில்லை. ஸ்ட்ரீமிங்கையும் மேடையையும் முதல் நாளிலிருந்தே தனிப் பாதையாக வளர்த்துக்கொள்வது நல்லது.

பாப்புக்கு ஒன்று, கண்ட்ரிக்கு ஒன்று என்று இரண்டு மிக்ஸ் வெளியிடலாமா என்று கேட்பார்கள். ஷானியா ட்வைன் 2002-இல் ஒரே தொகுப்பைப் பாப், கண்ட்ரி, உலகச் சந்தை என்று மூன்று வடிவில் வெளியிட்டார். ஆனால் அவர் கண்ட்ரியில் காலூன்றிய பிறகு செய்தது அது. புதிதாக வருபவர் ஒரே நாளில் இரண்டையும் விட்டால், ஒரு கால் வாசலுக்கு வெளியே இருப்பது தெரிந்துவிடும். கண்ட்ரி வடிவம் முதலில், மற்றது ஏர்ப்ளேயில் உச்சம் தொட்ட பிறகு.

விருதுகளைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1974-இல் பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜான் கண்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த பாடகி ஆனபோது, கொதித்துப்போன உள்ளூர்க்காரர்கள் தனிச் சங்கமே தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு, அதே விழாவின் பெரிய விருதை வென்றவர் என்று பாப் பக்கத்துப் பாடகர் ஜான் டென்வர் பெயர் எழுதிய சீட்டை மேடையிலேயே லைட்டரால் கொளுத்தினார் அதை அறிவிக்க வந்த கண்ட்ரி பாடகர் சார்லி ரிச். அவரே ஜாஸும் ராக்கும் வாசித்து வளர்ந்தவர் என்பதுதான் வேடிக்கை. 2024-இல் கண்ட்ரி மியூசிக் அசோசியேஷன் பியான்சேவுக்கு ஒரு பரிந்துரையும் தரவில்லை. 2025 பிப்ரவரியில் கிராமியின் சிறந்த கண்ட்ரித் தொகுப்பு விருது அவருக்கே போனது. வாக்களிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள், அவ்வளவுதான்.

மேடை

பழைய ரசிகர்கள் பாதிப் பேராவது வருவார்கள். அவர்கள் கேட்பது பழைய ஹிட்டுகளை. மூன்றைத் தேர்ந்தெடுத்து எண் முறையில் எழுதி, புதுக் குழுவோடு மறு ஏற்பாடு செய்யுங்கள். டிராக்கை ஓடவிட்டுப் பாடாதீர்கள். போஸ்ட் மலோன் 2024 ஏப்ரலில் ஸ்டேஜ்கோச் என்ற கண்ட்ரி இசை விழாவில் முழுக்கப் பிறர் கண்ட்ரிப் பாட்டுகளையே பாடினார், சிலவற்றை மூத்த பாடகர்களை அருகில் வைத்துக்கொண்டு. தொகுப்பு வந்தது ஆகஸ்டில்தான். மரபைத் தெரிந்தவர் என்பதை நான்கு மாதம் முன்பே காட்டிவிட்டார். ஆப்ரியில் விருந்தினராக அழைத்தால் இரண்டு மூன்று பாட்டுக்குத்தான் நேரம். அதில் ஒன்று உங்களுடையது அல்லாத பழைய பாட்டாக இருக்கட்டும்.

உடை? ஏற்கெனவே அணிவதையே அணியுங்கள். தொப்பி போட்டே பழக்கமில்லாதவர் தலையில் அது எப்படி உட்காரும் என்று டெக்சாஸ்காரர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

குடியேறுவது என்று முடிவு செய்திருந்தால், இரண்டாவது தொகுப்புக்கான எழுதும் அமர்வுகளை முதல் சிங்கிள் ஏறிக்கொண்டிருக்கும்போதே குறித்து வையுங்கள். நல்ல எழுத்தாளர்களின் நாட்காட்டி பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். பாட்டு பட்டியலிலிருந்து இறங்கிய பிறகு போன் செய்தால் கிடைப்பது அடுத்த ஆண்டுத் தேதி.